வெளிப்படையாகத் துப்பாக்கி ஏந்துதல் (ஐக்கிய அமெரிக்கா)

வெளிப்படையாகத் துப்பாக்கி ஏந்துதல் என்பது, காவல்துறையையோ படைத்துறையையோ சாராத ஒரு குடிமகன், பிறர் கண்ணுக்குத் தெரியும்படி துப்பாக்கியுடன் பொது இடங்களில் நடமாடுவதைக் குறிக்கும். ஐக்கிய அமெரிக்காவில் இது ஓப்பன் கேரி என அழைக்கப்படுகிறது. இடுப்பு உறையில் கைத்துப்பாக்கியுடன் கடைக்குச் செல்வதும், தோள்வாரில் நீள்துப்பாக்கியை மாட்டிக்கொண்டு ஊர்வலத்தில் நடப்பதும் இதனுள் அடங்கும். உலகின் பெரும்பாலான நாடுகளில் உடனடிக் கைதுக்கு வழிவகுக்கும் இச்செயல், அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் ஏதேனும் ஒரு வடிவில் சட்டத்திற்கு உட்பட்டதாகும்.

துப்பாக்கியுடன் வெளியே செல்லும் அமெரிக்கர்களில் பெரும்பான்மையினர் அதை ஆடைக்குள் மறைத்தே எடுத்துச் செல்கின்றனர். மறைத்து ஏந்தச் சட்டம் இடம் தரும் நிலையிலும் சிலர் அதனை வெளியே தெரியும்படி ஏந்துவது ஏன் என்ற கேள்வி சட்டம், வரலாறு, சமூகவியல் ஆகிய மூன்று துறைகளையும் தொடுகிறது. கண்ணுக்குத் தெரியும் துப்பாக்கி ஒரு கருவியாக மட்டுமன்றி ஒரு செய்தியாகவும் அமைகிறது. ஏந்துபவர் சொல்ல நினைக்கும் செய்தியும் காண்பவர் பெற்றுக்கொள்ளும் செய்தியும் ஒன்றாக இருப்பதில்லை என்பதே இது குறித்த பெரும்பாலான சர்ச்சைகளுக்கு அடிப்படையாகும்.

பெயரும் பொருளும்

துப்பாக்கியை வைத்திருத்தல், ஏந்துதல், காட்டி மிரட்டுதல் ஆகிய மூன்றையும் அமெரிக்கச் சட்டங்கள் வேறுபடுத்திப் பார்க்கின்றன. வீட்டில் வைத்திருப்பது முதல் வகை. உடலில் அணிந்தோ தோளில் மாட்டியோ வெளியே எடுத்துச் செல்வது இரண்டாம் வகை. அச்சுறுத்தும் நோக்குடன் உருவிக் காட்டுவதும் பிறரை நோக்கி நீட்டுவதும் மூன்றாம் வகை. மூன்றாவது, வெளிப்படையாக ஏந்த உரிமையுள்ள மாநிலங்களிலும் தண்டனைக்குரிய குற்றமாகும். ஆகவே உறைக்குள் இருக்கும் வரை சட்டத்திற்கு உட்பட்டதாக இருக்கும் அதே துப்பாக்கி, கைக்கு வந்ததும் குற்றத்திற்குரிய பொருளாகிவிடக்கூடும்.

கைத்துப்பாக்கிகளுக்கும் நீள்துப்பாக்கிகளுக்கும் தனித்தனி விதிகள் இருப்பதும் உண்டு. வேட்டைக்கும் பண்ணைக்கும் உரியனவாகக் கருதப்பட்ட நீள்துப்பாக்கிகள் பல இடங்களில் குறைவாகவே கட்டுப்படுத்தப்பட்டன. டெக்சாசில் 2015 இன் இறுதி வரை கைத்துப்பாக்கியை வெளிப்படையாக அணிவது குற்றமாக இருந்தபோதும், நீள்துப்பாக்கியைத் தோளில் மாட்டிச் செல்லத் தடை இருக்கவில்லை.

வரலாறு

இங்கிலாந்து மரபு

ஆயுதத்துடன் பொது இடங்களில் நடமாடுவது பற்றிய விவாதம் அமெரிக்காவை விடப் பழமையானது. 1328 இல் இங்கிலாந்தில் இயற்றப்பட்ட நார்தாம்ப்டன் சட்டம், சந்தைகளிலும் பொது இடங்களிலும் ஆயுதத்துடன் உலவுவதைத் தடை செய்தது. இது எல்லா நிலையிலும் பொருந்தும் தடையா, மக்களை அச்சுறுத்தும் வகையில் உலவுவதற்கு மட்டுமான தடையா என்பதில் வரலாற்றாய்வாளர்கள் இன்றும் மாறுபடுகின்றனர். இந்த ஏழு நூற்றாண்டுப் பழமையான சட்டம் 2022 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் விரிவாக வாதிக்கப்பட்டது.

மறைப்பதே இழுக்கு

அமெரிக்க அரசியலமைப்பின் இரண்டாவது திருத்தம் 1791 இல் ஏற்கப்பட்டது. ஆயுதங்களை வைத்திருக்கவும் ஏந்தவும் மக்களுக்குள்ள உரிமையை அது குறிப்பிடுகிறது. எனினும் எவ்விதமாக ஏந்துவது என்பதை அது கூறவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தென் மாநிலங்களில் நிலவிய கருத்து இன்றைய பொதுக் கருத்துக்கு நேர் எதிரானது. ஆயுதத்தை மறைப்பவன் வஞ்சகன், வெளியே தெரியும்படி அணிபவன் நேர்மையாளன் என்று கருதப்பட்டது. கென்டக்கியும் லூசியானாவும் 1813 இல் மறைத்து ஏந்துவதைத் தடை செய்தன. கென்டக்கிச் சட்டத்தை அம்மாநில நீதிமன்றம் 1822 இல் செல்லாததாக்கியது. அதற்கு விடையாக, மறைத்து ஏந்துவதைத் தடுக்கும் அதிகாரம் 1850 இல் மாநில அரசியலமைப்பிலேயே சேர்க்கப்பட்டது. ஜார்ஜியா மாநில உச்ச நீதிமன்றம் 1846 இலும் லூசியானா உச்ச நீதிமன்றம் 1850 இலும் வழங்கிய தீர்ப்புகளில், மறைத்து ஏந்துவதை அரசு தடுக்கலாம், வெளிப்படையாக ஏந்துவது உரிமையின்பாற்பட்டது என்ற வேறுபாடு வலியுறுத்தப்பட்டது. இன்றைய ஆதரவாளர்கள் அடிக்கடி மேற்கோள் காட்டும் சட்ட மரபு இதுவே.

எல்லைப்புற நகரங்கள்

மேற்கத்தியத் திரைப்படங்கள் காட்டுவதைப் போல, மேற்குப் பகுதி நகரங்களில் எல்லோரும் இடுப்பில் துப்பாக்கியுடன் திரிந்தனர் என்பது முழு உண்மையன்று. கால்நடை வணிகத்தால் வளர்ந்த பல நகரங்கள், உள்ளே வருவோர் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என விதித்தன. கன்சாசின் டாட்ஜ் சிட்டியில் துப்பாக்கி ஏந்துவது தடை செய்யப்பட்டுள்ளதாக அறிவிப்புப் பலகையே வைக்கப்பட்டிருந்தது. அரிசோனாவின் டூம்ஸ்டோன் நகரில் 1881 அக்டோபர் 26 அன்று நிகழ்ந்து, பின்னர் திரைப்படங்களால் புகழ்பெற்ற ஓ.கே. கொரால் துப்பாக்கிச் சண்டை, அத்தகைய நகர விதியை மீறியவர்களிடமிருந்து ஆயுதங்களைப் பறிக்கக் காவலர்கள் முயன்றபோது மூண்டதாகும். அரை நிமிட அளவே நீடித்த அச்சண்டையில் மூவர் இறந்தனர். துப்பாக்கிப் பண்பாட்டின் அடையாளமாகக் கருதப்படும் டெக்சாசும் 1871 இல் கைத்துப்பாக்கி ஏந்துவதைப் பெருமளவு தடை செய்து சட்டம் இயற்றியது.

குடியுரிமையும் நிறமும்

யார் வெளிப்படையாக ஆயுதம் ஏந்தலாம் என்ற கேள்வி, யார் முழுக் குடிமகன் என்ற கேள்வியோடு தொடக்கம் முதலே பிணைந்திருந்தது. கறுப்பினத்தவர் குடிமக்களாக முடியாது எனக் கூறிய 1857 ஆம் ஆண்டின் டிரெட் ஸ்காட் தீர்ப்பில், அவர்களைக் குடிமக்களாக ஏற்றால் சென்ற இடமெல்லாம் ஆயுதம் வைத்திருக்கவும் ஏந்தவும் உரிமை பெற்றுவிடுவர் என்பது ஓர் எதிர்வாதமாகவே தலைமை நீதிபதி ரோஜர் டேனியால் முன்வைக்கப்பட்டது. உள்நாட்டுப் போருக்குப் பின் 1865 இல் மிசிசிப்பி இயற்றிய சட்டம், விடுதலை பெற்ற கறுப்பினத்தவர் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடை செய்தது.

ஒரு நூற்றாண்டுக்குப் பின் இதே கேள்வி கலிபோர்னியாவில் எழுந்தது. 1966 அக்டோபரில் ஓக்லாந்தில் இயூயி நியூட்டனும் பாபி சீலும் நிறுவிய கருஞ்சிறுத்தைகள் கட்சியினர், கறுப்பினத்தவரைக் காவலர்கள் நடத்தும் விதத்தைக் கண்காணிக்கத் தோட்டா நிரப்பிய துப்பாக்கிகளுடன் அவர்களைப் பின்தொடர்ந்தனர். அக்காலச் சட்டப்படி அது குற்றமாக இருக்கவில்லை. அதனைத் தடுக்கும் மல்ஃபோர்டு சட்டமுன்வரைவு விவாதிக்கப்பட்டபோது, 1967 மே 2 அன்று ஏறத்தாழ 30 பேர் துப்பாக்கிகளுடன் சேக்ரமெண்டோவில் உள்ள மாநிலச் சட்டமன்றக் கட்டடத்திற்குள் நுழைந்தனர். அதே ஆண்டில் ஆளுநர் ரொனால்ட் ரேகன் அச்சட்டத்தில் கையொப்பமிட்டார். பொது இடங்களில் தோட்டா நிரப்பிய துப்பாக்கி ஏந்துவது தடை செய்யப்பட்டது. பழைமைவாதிகளின் கோரிக்கையாகப் பின்னாளில் அறியப்பட்ட ஓர் உரிமை, இங்கு ஒரு பழைமைவாத ஆளுநரால் கட்டுப்படுத்தப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

மறைத்து ஏந்துதலின் எழுச்சி

1987 இல் புளோரிடா, தகுதிகளை நிறைவு செய்யும் எவருக்கும் மறைத்து ஏந்தும் உரிமம் வழங்கியாக வேண்டும் எனச் சட்டம் இயற்றியது. அதுவரை பல மாநிலங்களில் உரிமம் தருவதும் மறுப்பதும் அதிகாரிகளின் விருப்பத்தைப் பொறுத்திருந்தது. புளோரிடாவைப் பின்பற்றிப் பல மாநிலங்கள் இம்முறைக்கு மாறின. அதே 1987 இல் வெளிப்படையாக ஏந்துவதைப் புளோரிடா தடை செய்தது. இவ்வாறு, நேர்மையின் அடையாளமாக இருந்த வெளிப்படை ஏந்தல் அச்சத்திற்குரியதாகவும், வஞ்சகத்தின் அடையாளமாக இருந்த மறைத்தல் நாகரிகமானதாகவும் கருதப்படும் நிலை ஏற்பட்டது.

இதற்கு எதிர்வினையாக 2000களில் வெளிப்படை ஏந்தலை மீண்டும் இயல்பாக்கும் இயக்கம் தோன்றியது. 2004 இல் வர்ஜீனியாவில் தொடங்கப்பட்ட ஓப்பன்கேரி.ஆர்க் என்ற அமைப்பு இதில் முன்னோடியாகும்.

சட்டநிலை

துப்பாக்கி ஏந்துவதைப் பெரும்பாலும் மாநிலச் சட்டங்களே ஒழுங்குபடுத்துகின்றன. உச்ச நீதிமன்றத்தின் மூன்று தீர்ப்புகள் அவற்றின் எல்லையை வரையறுத்தன. 2008 இல் வழங்கப்பட்ட எல்லர் வழக்கின் தீர்ப்பு, தற்காப்புக்காக வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என அறிவித்தது. பள்ளிகள், அரசுக் கட்டடங்கள் போன்ற உணர்வுமிக்க இடங்களில் தடை விதிக்கலாம் எனவும் அது கூறியது. 2010 இல் வழங்கப்பட்ட மெக்டொனால்டு தீர்ப்பு அவ்வுரிமை மாநில அரசுகளையும் கட்டுப்படுத்தும் என்றது. 2022 ஜூன் 23 அன்று வழங்கப்பட்ட புருவன் தீர்ப்பு, வீட்டுக்கு வெளியிலும் தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி ஏந்தும் உரிமை உண்டு என 6-3 என்ற பெரும்பான்மையில் அறிவித்தது. எனினும் வெளிப்படையாக ஏந்துவதற்கு எல்லா மாநிலங்களும் இடமளிக்க வேண்டும் என்று அத்தீர்ப்பு கட்டளையிடவில்லை. இரு வழிகளில் ஒன்றைத் திறந்து வைத்து மற்றொன்றைக் கட்டுப்படுத்தியதே பழைய மரபு என்பதை அது எடுத்துக்காட்டியது.

மாநிலங்களின் நிலையைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

உரிமமின்றி ஏந்தக்கூடிய மாநிலங்கள்: வெர்மான்ட்டில் உரிமமுறையே இருந்ததில்லை. அலாஸ்கா 2003 இலும் அரிசோனா 2010 இலும், மறைத்து ஏந்துவதற்கும் உரிமம் தேவையில்லை என்றன. 2024 இல் இத்தகைய மாநிலங்களின் எண்ணிக்கை 29 ஆக உயர்ந்தது.

படிப்படியாகத் தளர்த்திய மாநிலங்கள்: டெக்சாஸ் உரிமம் பெற்றோருக்கு 2016 ஜனவரி 1 முதல் கைத்துப்பாக்கியை வெளிப்படையாக ஏந்த இடமளித்தது. 2021 செப்டம்பர் 1 முதல் உரிமத் தேவையும் நீக்கப்பட்டது.

கட்டுப்படுத்திய மாநிலங்கள்: இல்லினாய், நியூயார்க் ஆகியவற்றில் மறைத்து ஏந்துவதற்கே உரிமம் வழங்கப்படுகிறது. கனெக்டிகட் 2023 இல் வெளிப்படை ஏந்தலைத் தடை செய்தது. கலிபோர்னியா, தோட்டா இல்லாத கைத்துப்பாக்கியை வெளிப்படையாக ஏந்துவதையும் 2012 முதல் தடை செய்தது. அம்மாநிலத் தடைகள் நீதிமன்றங்களில் எதிர்க்கப்பட்டன.

புருவன் தீர்ப்புக்குப் பின் பல தடைகள் மறு ஆய்வுக்கு உள்ளாயின. புளோரிடாவின் 1987 ஆம் ஆண்டுத் தடை செல்லாது என அம்மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 2025 செப்டம்பரில் தீர்ப்பளித்தது.

ஏந்துவோர் கூறும் காரணங்கள்

தற்காப்பும் தடுப்பும்

முதன்மையாகக் கூறப்படும் காரணம் தற்காப்பு ஆகும். துப்பாக்கி வைத்திருப்பதன் நோக்கமே காலப்போக்கில் மாறியுள்ளது. முதன்மைக் காரணம் எது என 1999 இல் கேட்கப்பட்டபோது வேட்டையே முன்னணியில் இருந்தது. பாதுகாப்பைக் குறிப்பிட்டோர் 26 விழுக்காட்டினர். 2013 இல் பியூ ஆய்வு மையம் அதே கேள்வியைக் கேட்டபோது பாதுகாப்பைக் குறிப்பிட்டோர் 48 விழுக்காட்டினர். துப்பாக்கியைக் கண்ட குற்றவாளி வேறிடம் சென்றுவிடுவான்; ஆகவே அதனைச் சுடவே தேவையிராது என்பது வெளிப்படையாக ஏந்துவோரின் வாதமாகும். வீட்டு வாயிலில் தொங்கும் நாய் எச்சரிக்கைப் பலகையின் பயனுக்கு இதை ஒப்பிடலாம். இதற்கு எதிராக, தாக்க வருபவன் முதலில் துப்பாக்கி வைத்திருப்பவரையே குறிவைப்பான் அல்லது அதைப் பறிக்க முயல்வான் என மறைத்து ஏந்துவோர் வாதிடுகின்றனர். இவ்விரு கூற்றுகளில் எது சரி என்பதை உறுதியாக நிறுவும் ஆய்வு முடிவுகள் இல்லை.

நடைமுறை வசதி

இடுப்பின் வெளிப்புறத்தில் உள்ள உறையிலிருந்து துப்பாக்கியை விரைவாக எடுக்க முடிகிறது. பெரிய துப்பாக்கிகளை மறைத்தல் கடினம். வெப்பமான பகுதிகளில் அதற்கென மேலங்கி அணிவதும் இடர்ப்பாடாகும். பண்ணைகளில் பாம்புகளுக்கும், அலாஸ்காவின் காடுகளில் கரடிகளுக்கும் எதிராகத் துப்பாக்கி அணிவோருக்கு அது அரிவாளைப் போல ஒரு வேலைக் கருவியே. இத்தகையோர் தம்மை ஓர் இயக்கத்தினராகக் கருதுவதில்லை.

சட்டத்தின் அமைப்பு

பல மாநிலங்களில் நெடுங்காலமாக மறைத்து ஏந்துவதற்குக் கட்டணம், பயிற்சி, கைரேகைப் பதிவு ஆகியவற்றுடன் கூடிய உரிமம் தேவைப்பட்டது. வெளிப்படையாக ஏந்த எதுவும் தேவைப்படவில்லை. உரிமம் பெற இயலாதவர்களும் உரிமத்திற்குரிய வயதை எட்டாதவர்களும் வெளிப்படையாக ஏந்துவதையே தேர்ந்தனர்.

உரிமையை நிலைநாட்டல்

பயன்படுத்தாத உரிமை காலப்போக்கில் மறைந்துவிடும் என்பது இயக்கத்தினரின் அடிப்படைக் கருத்தாகும். நற்குணமுள்ள அண்டைவீட்டார் துப்பாக்கியுடன் காய்கறி வாங்குவதை மக்கள் நாள்தோறும் கண்டால் அச்சம் நீங்கும் என அவர்கள் நம்புகின்றனர். இங்கு துப்பாக்கி காணப்பட வேண்டும் என்பதே நோக்கமாகிறது. மறைத்தால் அந்நோக்கம் நிறைவேறாது.

அடையாளமும் கடமையுணர்வும்

சமூகவியலாளர் ஜெனிஃபர் கார்ல்சன் மிச்சிகனில் களஆய்வு செய்து 2015 இல் வெளியிட்ட நூலில், துப்பாக்கி ஏந்துவோர் தம்மைக் குடும்பத்தையும் சமூகத்தையும் காக்கும் பொறுப்புடைய குடிமக்களாகக் கருதுவதை விளக்கினார். தொழிற்சாலைகள் மூடப்பட்டு, குடும்பத்தைப் பொருளீட்டிக் காப்பவர் என்ற நிலை தளர்ந்த பகுதியில், காவலர் என்ற நிலை ஆண்களுக்கு ஒரு மாற்று மதிப்பை அளித்தது என்பது அவர் முன்வைத்த விளக்கங்களுள் ஒன்றாகும். எனவே குற்றங்கள் குறைவது மட்டும் இப்பழக்கத்தைக் குறைத்துவிடும் எனக் கொள்ள இயலாது.

காண்போரின் நிலை

தெருவில் துப்பாக்கியுடன் ஒருவரைக் காணும் அந்நியருக்கு அவர் மனதில் உள்ளது தெரிவதில்லை. ஏந்துபவர் தன்னை நன்கு அறிவார். காண்பவர் துப்பாக்கியை மட்டுமே அறிவார். மக்கள் திரளிடையே நடக்கும் துப்பாக்கிச் சூடுகள் அடிக்கடி செய்தியாகும் நாட்டில், நுழைந்தவர் காப்பவரா தாக்குபவரா என்பதை அவர் சுடத் தொடங்கும் வரை பிறரால் அறிய இயலாது என்பது எதிர்ப்பாளர்களின் முதன்மையான வாதமாகும்.

கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் 2015 அக்டோபர் 31 அன்று நடந்த நிகழ்வு இதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. நீள்துப்பாக்கியுடன் ஒருவர் நடமாடுவதைக் கண்ட பெண் ஒருவர் அவசர உதவி எண்ணை அழைத்தார். அம்மாநிலத்தில் வெளிப்படையாக ஏந்துவது சட்டத்திற்கு உட்பட்டது என அவருக்குத் தெரிவிக்கப்பட்டது. சிறிது நேரத்தில் அந்நபர் மூவரைச் சுட்டுக் கொன்றார். அழைப்பை ஏற்றவர் கூறியது சட்டப்படி சரியே. எனினும் எச்சரிக்கையாகக் கொள்ள வேண்டிய காட்சி, இயல்பானதாகக் கருதத்தக்க காட்சியிலிருந்து வேறுபடாமல் இருந்தது.

துப்பாக்கியைக் காண்பதே மனநிலையைப் பாதிக்கிறதா என்பதும் ஆராயப்பட்டுள்ளது. லெனர்ட் பெர்கோவிட்ஸ், ஆந்தனி லெபேஜ் ஆகிய உளவியலாளர்கள் 1967 இல் நடத்திய சோதனையில், சினமூட்டப்பட்டவர்கள் அருகில் துப்பாக்கி இருக்கும்போது கூடுதலான வன்மத்துடன் நடந்துகொண்டனர். பின்னர் நடந்த சோதனைகள் ஒருமித்த முடிவைத் தரவில்லை.

காவல்துறை எதிர்கொள்ளும் சிக்கல்

வெளிப்படையாக ஏந்துவது சட்டத்திற்கு உட்பட்டது எனில், அதை மட்டுமே காரணமாகக் கொண்டு காவலர் ஒருவரைத் தடுத்து நிறுத்த முடியாது. 2013 இல் வட கரோலினா வழக்கொன்றிலும், 2015 இல் ஒகையோ மாநில டொலீடோ நகர வழக்கொன்றிலும் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் இவ்வாறே தீர்ப்பளித்தன. பின்னைய வழக்கு, இடுப்பில் துப்பாக்கியுடன் தம் நாயை நடத்திச் சென்ற ஒருவரைக் காவலர் கைவிலங்கிட்டதால் எழுந்ததாகும்.

களத்தில் இதன் விளைவு எளிதானதன்று. டாலஸ் நகரில் 2016 ஜூலை 7 அன்று நடந்த ஊர்வலத்தில் பலர் நீள்துப்பாக்கிகளுடன் கலந்துகொண்டனர். அப்போது மறைந்திருந்த ஒருவன் சுடத் தொடங்கி ஐந்து காவலர்களைக் கொன்றான். துப்பாக்கியுடன் ஓடியவர்களில் எவர் தாக்குபவர் என்பதைப் பிரித்தறிவது கடினமாக இருந்ததாகக் காவல்துறைத் தலைவர் டேவிட் பிரவுன் பின்னர் விளக்கினார். ஊர்வலத்தில் துப்பாக்கியுடன் நடந்த கறுப்பினத்தவர் ஒருவரின் படத்தைக் காவல்துறை சந்தேக நபர் எனத் தவறாக வெளியிட்டது. அவர் தம் துப்பாக்கியைக் காவலரிடம் ஒப்படைத்து, விசாரிக்கப்பட்டு விடுவிக்கப்பட்டார்.

ஏந்துபவர் யார் என்பதைப் பொறுத்துக் காட்சியின் பொருள் மாறுகிறது என்பதும் இதனுடன் தொடர்புடைய குற்றச்சாட்டாகும். ஒகையோவின் பீவர்கிரீக் நகரில் 2014 ஆகஸ்டு 5 அன்று, கடையொன்றின் அடுக்கிலிருந்த காற்றுத் துப்பாக்கியைக் கையில் எடுத்து நடந்த 22 வயதுக் கறுப்பின இளைஞர் காவலரால் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே மாநிலத்தில் நவம்பர் 22 அன்று, கிளீவ்லாந்து நகரில் விளையாட்டுத் துப்பாக்கி வைத்திருந்த 12 வயதுக் கறுப்பினச் சிறுவன் காவலரால் சுடப்பட்டு மறுநாள் இறந்தான். இவ்விரு நிகழ்வுகளிலும் காவலர்கள் மீது குற்றச்சாட்டுப் பதிவு செய்யப் பெருநடுவர் குழுக்கள் மறுத்தன. மெய்யான துப்பாக்கியையே வெளிப்படையாக ஏந்தச் சட்டம் இடமளித்த மாநிலம் ஒகையோ ஆகும். ஏட்டிலுள்ள உரிமை தெருவில் எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை என்பதற்கு இவை சான்றாகக் காட்டப்படுகின்றன.

வணிக நிறுவனங்கள்

தனியார் இடங்களின் உரிமையாளர்கள் துப்பாக்கியுடன் வருவோரைத் தடுக்கலாம். டெக்சாசில் இதற்கெனத் தனி அறிவிப்புப் பலகைகள் உண்டு. மறைத்து ஏந்துவோருக்கு 30.06 என்ற சட்டப் பிரிவின்படியும், வெளிப்படையாக ஏந்துவோருக்கு 30.07 என்ற பிரிவின்படியும் இவை அமைகின்றன. எழுத்துகள் ஓர் அங்குலத்திற்குக் குறையாமல் ஆங்கிலத்திலும் எசுப்பானியத்திலும் எழுதப்பட வேண்டும். இரண்டாவது பலகையை மட்டும் வைக்கும் கடைக்காரர், துப்பாக்கி உள்ளே வருவதையன்று, அது கண்ணுக்குத் தெரிவதையே மறுக்கிறார் எனலாம்.

2010 முதல் இயக்கத்தினர் ஸ்டார்பக்ஸ் காப்பிக் கடைகளில் துப்பாக்கிகளுடன் கூடினர். உள்ளூர்ச் சட்டத்தைப் பின்பற்றுவதாக முதலில் கூறிய அந்நிறுவனம், 2013 செப்டம்பரில் துப்பாக்கியுடன் வர வேண்டாம் என வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது. 2014 இல் டெக்சாசில் சிலர் நீள்துப்பாக்கிகளுடன் உணவகங்களுக்குச் சென்றதையடுத்து, சிபொட்லே, டார்கெட் ஆகிய நிறுவனங்களும் அவ்வாறே கேட்டுக்கொண்டன. அப்போது தேசியத் துப்பாக்கிச் சங்கமே அச்செயலை விந்தையானது எனக் கண்டித்து அறிக்கை வெளியிட்டது. ஏந்துவோரின் எதிர்ப்பால் சில நாட்களில் பின்வாங்கியது. எல் பாசோ நகரில் தன் கடையில் 2019 ஆகஸ்டு 3 அன்று நடந்த படுகொலையைத் தொடர்ந்து, வால்மார்ட் நிறுவனம் செப்டம்பரில் இதே வேண்டுகோளை விடுத்தது. மக்களின் அச்சத்தைப் போக்கவென நடந்த கூடல்கள் பல நேரங்களில் கதவுகளை அடைக்கச் செய்தன.

போராட்டக் களங்களில்

2009 ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் பராக் ஒபாமா கலந்துகொண்ட கூட்டங்களுக்கு வெளியே நியூ ஆம்ப்சயரிலும் அரிசோனாவிலும் சிலர் துப்பாக்கிகளுடன் நின்றது நாடளாவிய விவாதத்தை எழுப்பியது. 2017 ஆகஸ்டில் சார்லட்ஸ்வில் நகரில் வெள்ளை இனவாதிகள் கூடியபோது, ஆயுதக் குழுக்கள் நீள்துப்பாக்கிகளுடன் அங்கு வந்தன. மாறாக, 2020 ஜனவரி 20 அன்று ரிச்மண்டில் நடந்த துப்பாக்கி உரிமைப் பேரணியில், ஏறத்தாழ 22,000 பேர் கூடியும் வன்முறை நிகழவில்லை.

2020 ஜனவரி முதல் 2021 ஜூன் வரை நடந்த ஆர்ப்பாட்டங்களை ஆராய்ந்த ஓர் அறிக்கை, ஆயுதம் ஏந்தியோர் இருந்த ஆர்ப்பாட்டங்களில் ஆறில் ஒன்றில் வன்முறை அல்லது அழிவுச் செயல் நிகழ்ந்ததாகவும், ஏனையவற்றில் இது 37 இல் ஒன்று எனவும் கூறியது. இதனைத் தயாரித்த இரு அமைப்புகளுள் ஒன்று துப்பாக்கிக் கட்டுப்பாட்டை வலியுறுத்துவது. மேலும், துப்பாக்கி இருந்ததால் வன்முறை எழுந்ததா, வன்முறை எதிர்பார்க்கப்பட்டதால் துப்பாக்கி வந்ததா என்பதை இவ்வெண்கள் மட்டும் கூறிவிடா.

ஆயுதம் ஏந்தியவர் முன் எதிர்க்கருத்துடையவர் வாய் திறப்பாரா என்பது இங்கு எழும் அடிப்படைக் கேள்வியாகும். துப்பாக்கி ஏந்துவது தம் கருத்து வெளிப்பாடு என ஏந்துவோர் கூறுகின்றனர். அதே துப்பாக்கி பிறர் கருத்து வெளிப்படுவதைத் தடுக்கிறது என எதிர்ப்பாளர்கள் கூறுகின்றனர்.

பிற நாடுகளுடன் ஒப்பீடு

பொது இடங்களில் துப்பாக்கி தென்படுவது அமெரிக்காவுக்கு மட்டும் உரியதன்று. சுவிட்சர்லாந்தில் படைப்பணிக்குச் செல்லும் இளைஞர்கள் படைத்துறைத் துப்பாக்கியுடன் தொடருந்தில் பயணிப்பதைக் காணலாம். அது அரசு அளித்த பணியின் அடையாளம். இந்தியாவில் 1959 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் தேவை. எனினும் குடகு மக்களுக்கு மரபு கருதி விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. அவ்விலக்கு செல்லும் எனக் கர்நாடக உயர் நீதிமன்றம் 2021 இல் தீர்ப்பளித்தது. கைல்போள்து என்ற விழாவில் அவர்கள் துப்பாக்கிகளை வைத்து வழிபடுகின்றனர். இது ஒரு சமூகத்தின் சடங்கு மரபாகும்.

செக் குடியரசில் தற்காப்புக்கென உரிமம் பெற்றவர்கள் கைத்துப்பாக்கி ஏந்தலாம். ஆனால் அதனை மறைத்தே ஏந்த வேண்டும். தற்காத்துக்கொள்ளும் உரிமையை ஏற்றுக்கொண்டே பிறரை அச்சுறுத்தும் காட்சியைத் தவிர்க்கும் அணுகுமுறை இது. அரசுப் பணியோ சடங்கோ இன்றி, தனிமனிதன் தன் விருப்பப்படி வெளிப்படையாக ஏந்துவதை உரிமை எனக் கோருவதே அமெரிக்க நிலையின் தனித்தன்மையாகும்.

அண்மைய போக்கு

2020 ஏப்ரல் 30 அன்று, கொரோனா ஊரடங்கை எதிர்த்த சிலர் மிச்சிகன் மாநிலச் சட்டமன்றக் கட்டடத்திற்குள் நீள்துப்பாக்கிகளுடன் நுழைந்து, மேலவை மாடத்தில் நின்றனர். கீழே அவை நடந்துகொண்டிருந்தது. உறுப்பினர்கள் சிலர் குண்டு துளைக்காத மேலாடை அணிந்திருந்தனர். துப்பாக்கியுடன் நுழைந்தது அப்போதைய சட்டப்படி குற்றமன்று. 2021 ஜனவரி 11 அன்று, அக்கட்டடத்தை நிர்வகிக்கும் ஆணையம் உள்ளே வெளிப்படையாகத் துப்பாக்கி ஏந்துவதைத் தடை செய்தது. உரிமம் பெற்று மறைத்து ஏந்துவதை அத்தடை தொடவில்லை.

1846 இல் ஜார்ஜியா நீதிமன்றம் மறைப்பதைத் தடுத்து வெளிப்படையைக் காத்தது. 2021 இல் மிச்சிகன் ஆணையம் வெளிப்படையைத் தடுத்து மறைப்பதை விட்டுவைத்தது. இரண்டும் பொது அமைதியைக் காக்கும் நோக்கில் எடுக்கப்பட்ட முடிவுகளே. புருவன் தீர்ப்பு வரலாற்று மரபையே அளவுகோலாகக் கொள்ளுமாறு கூறியிருப்பதால், இவ்விரு முடிவுகளில் எது செல்லத்தக்கது என்பதை மாநிலந்தோறும் நடக்கும் வழக்குகளே தீர்மானித்து வருகின்றன.